சீட்டுக் கட்டும் தேதியும் நமக்கென்று ஒரு மத்தியானமும்

கும்பகோணத்துக்காரி:

வீட்டுக்குப் பணம் சேர்ப்பதும் நமக்கென்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வதும் ஒன்றாக ஓடுமா? அவரவர் கண்டதைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

நான் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். முகூர்த்த மாதங்களில் பந்தல், சீரியல் லைட் என்று வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும். இரண்டு பெண் பிள்ளைகள். வீடு கட்டும்போது அடகு வைத்த வளையல்களை மீட்க வேண்டும். ஏலச் சீட்டு ஒன்று ஓடுகிறது. சின்னவளுக்குச் செல்வமகள் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: பெண் பிள்ளைகளுக்கான அரசுச் சேமிப்பு அது, வருஷத்துக்கு 250 ரூபாயாவது போட வேண்டும், 1.5 லட்சத்துக்கு மேல் போட முடியாது. 15 வருஷம் போட்டால் போதும், முதிர்வது 21 வருஷம் ஆனதும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஆகவே 5ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் சம்பளம் வந்ததும் முதல் வேலை தபால் ஆபீஸ், மற்றதெல்லாம் அப்புறம்.

சீட்டு, அடகு வட்டி, பால், கேஸ், கேபிள் என்று எல்லாவற்றுக்கும் என் நோட்டில் ஒரு வரி உண்டு. நான் சும்மா உட்காருவதற்கு மட்டும் வரி இல்லை. நோட்டில் இல்லாததை எந்தக் கடையிலும் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார், வீட்டில் மட்டும் எப்படி நடக்கும்? 'இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம், நான்' என்று எழுதி எதிரே 50 ரூபாய் போட்டேன்.

அந்த ஐம்பது ரூபாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: "சாயங்காலம் டிபனுக்கு யாரு?" எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தகராறு பணத்தில் இல்லை. நான் மூன்று மணி நேரம் வெளியே போனால் அந்த மூன்று மணி நேரத்து வேலையை வேறொரு கை செய்ய வேண்டும், அதுதான் விலை. இப்போது முதல் நாளே மாவு ஆட்டி வைத்துவிடுகிறேன், தோசை ஊற்றுவது வீட்டுக்காரர் பாடு. வட்டமாக வராது. பிள்ளைகளுக்கு அதுவே பிடித்திருக்கிறது.

போவது தாராசுரம் கோயிலுக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கோயிலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. யுனெஸ்கோ பட்டியலில் 2004இல் சேர்ந்த கோயில் என்று எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள். எனக்குப் பஸ் காசுகூட ஆகவில்லை. புல்தரை, தூண் நிழல், திரும்பும்போது ஒரு காபி. ஒரு சனிக்கிழமை அடுத்த தூணடியில் ஒரு அம்மா முந்தானையைத் தலைக்கு வைத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் அவராகவே பேச்சுக் கொடுத்தார்: "நெசவு வீடும்மா. தறிச் சத்தத்துல பகல்ல கண்ண மூட முடியாது. பட்டு நூலுக்கு வர்றேன்னு சொல்லிட்டு இங்க வந்து படுத்துப்பேன்." தூங்குவதற்கே அவருக்கு ஒரு பொய் வேண்டியிருக்கிறது.

வடுவூர் விவசாயி:

எங்களுக்கு 5ஆம் தேதி எல்லாம் கிடையாது அக்கா. மேட்டூர் எப்போது திறக்கிறதோ அன்றைக்குத்தான் ஒன்றாம் தேதி. வழக்கம் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24க்கே விட்டார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. பிறகு எதை வைத்து மாத பட்ஜெட் போடுவது?

பெரிய பணம் என்று கையில் வருவது சம்பா அறுத்த பிறகு தை, மாசியில். அதுவும் சும்மா வராது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் தயங்குவார்கள். பனி இறங்கும் மாதம் வேறு. பகலில் நெல்லைக் கிளறிவிட்டு, இரவில் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுத்துக் காவல் இருக்க வேண்டும். நம் முறை வந்து, எடை போட்டு, ரசீது வாங்கி வீட்டுக்கு வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பணம் பேங்கில் ஏறியதும் முதலில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, ஒரு நாள் தாண்டினாலும் வட்டிதான். எனவே அதில் மட்டும் விளையாட மாட்டேன். அடுத்து அறுவடை மிஷின் வாடகை, உரக்கடை பாக்கி, பிள்ளை ஃபீஸ்.

ஓய்வு என்றால் எனக்கு எங்கள் ஊர் ஏரிக்கரை. மழைக்காலம் தொடங்கினால் பறவைகள் வந்து இறங்கும். 2022இல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை, என்று அறிவித்த பிறகு கேமராவோடு வருகிறவர்களும் இறங்குகிறார்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி என்னிடம் வழி கேட்டார்கள், கூடவே போய்க் காட்டினேன். அந்த ஐயா பைனாகுலரை என் கையில் கொடுத்து, "அந்த நாரையோட அலகைப் பாருங்க தம்பி" என்றார். நத்தைகுத்தி நாரை. வயலில் நான் விரட்டுகிற அதே நாரைதான். மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் ஒரு இடைவெளி இருக்கிறது. நத்தையைப் பிடிக்க அது தோது என்றார். அன்றிலிருந்து காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வருகிறேன். காசு செலவில்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை.

பேராவூரணி அக்கா:

வெளியே போவதெல்லாம் ஓய்வு இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். எங்கள் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. தெரியாதவர்களுக்கு: பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைப்பார்கள். வந்து சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். நமக்கு எழுதியவருக்கு, அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதுசாகவும் போட வேண்டும். வட்டியில்லாக் கடன் என்று சொல்லலாம், வாங்கியவர் மறக்க முடியாத கடன் என்றும் சொல்லலாம். 2018 நவம்பர் 16, கஜா புயலில் எங்கள் தென்னை முக்கால்வாசி சாய்ந்தது. மறுபடி கன்று வைக்கவும் போர் போடவும் எங்களுக்குக் கைகொடுத்தது மொய்தான், அதனால் குறை சொல்ல வாயில்லை.

ஆனால் அந்த இரண்டு மாதமும் என் நாள் என்னிடம் இல்லை. வெயிலில் பட்டுப்புடவை, பந்தியில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு, எழுதும் இடத்தில் வரிசை. இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீது தருகிறார்கள், எண்ணுவதற்கு மிஷின் வேறு. ஒரு விருந்தில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி மேசைப் பையனிடம், "தம்பி, மொய்ய எழுதிக்க, சோறு வேணாம், நான் வீட்டுக்குப் போயி கொஞ்சம் படுக்குறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்தப் பாட்டிதான் எனக்கு வழிகாட்டி. நெருங்கிய உறவுக்கு மட்டும் நான் போகிறேன். மற்றதுக்கு வீட்டுக்காரர் போகிறார், இல்லையென்றால் போனிலேயே அனுப்பிவிடுகிறோம். நோட்டில் பெயர் ஏறினால் சரி, முகம் வேண்டும் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

திருவாரூர் தம்பி:

கோபித்துக்கொள்ளாதீர்கள். புல்தரை, ஏரிக்கரை எல்லாம் கடன் கழுத்தை நெரிக்காதவர்கள் பேச்சு. என் மனைவிக்கு வாரத் தவணைக் குழுக் கடன் மூன்று ஓடுகிறது. திங்கள் ஒரு குழு, புதன் ஒரு குழு, வெள்ளி ஒரு குழு. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. தலைவி வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் உட்காருவதுதான், ஓய்வு என்று சொல்லுங்கள் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை சும்மா இருக்கிறாளே என்று பார்த்தால், புதனுக்கு யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

மயிலாடுதுறை ஐயா:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஒரு அம்மா தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்து, வாரத் தவணைக் கடன்கள் முழுவதையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு, திரும்ப வந்து எனக்கு ரசீதுகளைக் காட்டினார். குழுக் கடன் வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். கூட்டுறவு நகைக்கடன் அதைவிட நன்றாகக் குறைவு. "வட்டி மிச்சம் கிடக்கட்டும் சார், மூணு நாளு மிச்சம்" என்றார். உங்கள் வீட்டில் நகை இருந்தால் இதை யோசியுங்கள். ஆனால் அடைத்த பிறகு அந்தக் குழுவில் புதுக் கடன் எடுக்கவே கூடாது. எடுத்தால் நகையும் போய், திண்ணையும் மிச்சம்.

இன்னொன்று. 2021இல் 5 பவுனுக்குட்பட்ட கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவித்தார்களே, அதற்குப் பிறகு 'அடுத்த தள்ளுபடி வரட்டும்' என்று மீட்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்தேன். தள்ளுபடி வருமோ வராதோ, வட்டி வந்துகொண்டே இருக்கிறது.

ஓய்வு பற்றிக் கேட்டால், பெரியவர்கள் அதற்கும் வழி செய்துதான் வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மாதம் முழுவதும் எங்கள் துலாக்கட்டத்தில் காவிரி நீராடல், கடைசி நாள் கடைமுழுக்கு. வர முடியாதவர்களுக்குக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு என்று ஒரு நாள் சலுகைகூட உண்டு. விடியற்காலையில் பெண்கள் கூட்டமாக வந்து, குளித்து, படித்துறையில் பேசிச் சிரித்துவிட்டுப் போவார்கள். 'எங்கே போகிறாய்' என்று எந்த மாமியாரும் கேட்க மாட்டார். ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போனதும் அப்படித்தானே?

பேராவூரணி அக்கா:

ஐயா, சித்ரான்னம் தானாகவா கட்டிக்கொண்டது? புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் என்று நாலு மணிக்கு எழுந்து கிண்டுகிறவளுக்குப் பதினெட்டாம் பெருக்கு மற்ற நாளைவிட இரண்டு வேலை கூடின நாள். ஆற்றங்கரையிலும் பரிமாறுவது அவள்தான். துலா நீராடலை ஒப்புக்கொள்கிறேன், அங்கே இலை போட வேண்டியதில்லை.

திருக்குவளை அம்மா:

எனக்கு நேரம் கிடைத்தது பள்ளிக்கூடத்தால். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் வைத்துத்தான் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். பையனுக்கு அங்கேயே கிச்சடியோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது. எட்டு மணிக்கு அடுப்படியில் நின்ற நேரத்தில் இப்போது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, கலெக்டர் ஆகப்போறியா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளும் வந்து பாதிப் பேப்பரை வாங்கிக்கொண்டாள்.

மாதம் வரும் உரிமைத்தொகை 1,000 ரூபாயை அப்படியே தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுகிறேன், ஐந்து வருஷக் கணக்கு. அதில் கை வைப்பதில்லை. பேப்பர் காசு மட்டும் முட்டை விற்றதில்.

கும்பகோணத்துக்காரி:

திருவாரூர் தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. வாரத்தில் மூன்று தவணை இருக்கும் வீட்டில் 'மத்தியானம், நான்' என்று வரி போடச் சொல்வது கிண்டல் மாதிரிதான் இருக்கும். உங்கள் மனைவிக்கு முதல் ஓய்வு, ஒரு குழுவாவது முடிவதுதான். சின்னக் கடனைப் பார்க்காமல் வட்டி எதில் அதிகமோ அதை முதலில் முடியுங்கள் என்றுதான் எங்கள் கடை ஆடிட்டரும் சொல்வார். ஆனால் உங்கள் வீட்டு விஷயத்தில் நான் வேறு மாதிரி சொல்வேன்: எந்தக் கடன் சீக்கிரம் முடியுமோ அதை முடித்து ஒரு நாளை விடுவியுங்கள். வட்டியில் கொஞ்சம் போகும், போகட்டும். அந்த நாள் கிடைத்தால்தான் மற்றதை யோசிக்கத் தலை இருக்கும். அதுவரை புதன்கிழமைத் திண்ணைக்கு நீங்கள் போய் உட்காரலாமே? தவணையை யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார்கள்தானே.

திருவாரூர் தம்பி:

குழுவில் ஆண்களை உட்கார விடமாட்டார்கள் அக்கா. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக் கடன்தான் சீக்கிரம் முடியும், தீபாவளிக்குள் ஆகிவிடும்.

வடுவூர் விவசாயி (எழுதுவது வீட்டுக்காரி):

அவர் போனில்தான் எழுதுகிறேன். ஏரிக்கரையில் உட்காருவது யாருக்கும் தொந்தரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறார். அவர் நாரை பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் இரண்டு மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றி, பிள்ளைகளைக் கிளப்பிவிடுவது நான். கும்பகோணத்து அக்கா எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கு நான் போகிறேன், நீங்கள் கறங்கள் என்றேன். சரி என்றார்.

மாடுதான் சரி என்று சொல்லவில்லை. கருப்பு மாடு சாது, யார் உட்கார்ந்தாலும் கொடுக்கும். சிவப்பு மாட்டுக்கு வேற்றுக் கை பட்டால் பாலை அடக்கிக்கொள்கிறது, போன ஞாயிறு ஒரு லிட்டர்போல் குறைந்தது. என் பழைய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார் என் அம்மா. வாசம் பழகினதாக இருந்தால் விடுமாம். கன்றையும் முன்னாலேயே அவிழ்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் புடவையைப் போட்டுக்கொள்வதில்தான் கூச்சம். மாடு வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், கை மாறினால் பழக எவ்வளவு நாள் பிடிக்கும்?