திருக்கடையூர் மணிவிழாக் குழு

சின்ன அண்ணி: அத்தை, மாமாவின் மணிவிழாவுக்கு எனக்குச் சேலை எடுக்க வேண்டாம். நான் மேடைக்கு வரவில்லை. வாய்க்கால் தூர்வாரும் பணித் தொடக்க விழாவில் இவருடன் நான் நிற்கும் படத்தின் கீழே, "கவுன்சிலர் மனைவியின் பட்டைப் பார்த்தாலே வாய்க்கால் பணம் போன வழி தெரிகிறது" என்று எழுதியிருக்கிறார்கள்.

வடக்குத்தெரு அத்தை: அது உன் கல்யாணத்துக்கு நான் திருபுவனத்தில் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டாயிற்றே! அதை நீ கட்டவேயில்லை என்று இத்தனை வருடம் எனக்கு மனக்குறை.

சின்ன அண்ணி: பத்திரப்படுத்தி வைத்திருந்தேன், அத்தை.

நான்: அவர்களுக்கு நான் பதில் எழுதட்டுமா, அண்ணி?

சின்ன அண்ணன்: யாரும் எதுவும் எழுத வேண்டாம்.

பெரியப்பா: அம்மா, இது உனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவின் மனைவி மிஷெல் 2009-இல் கையில்லாத உடையில் அதிகாரபூர்வப் படத்துக்கு நின்றபோது, அமெரிக்காவில் அவருடைய தோள்கள்கூட விவாதப் பொருளாயின. அவருடைய கணவரோ பதவியிலிருந்த எட்டு ஆண்டுகளும் விருந்துகளுக்கு ஒரே கோட்டையே அணிந்தார் என்பதையும், அதைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதையும் 2017-இல் மிஷெலே ஒரு மேடையில் எடுத்துச் சொன்னார். வாக்குக் கேட்டவரும் கையெழுத்திடுபவரும் கணவராக இருக்க, உடைக்கு விசாரணை மட்டும் மனைவியிடம் நடக்கிறது.

சித்தப்பா: எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது, அண்ணா. 1986-இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் குடும்பம் நாட்டை விட்டு ஓடியபோது, அவர் மனைவி இமெல்டா விட்டுச் சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிக் காலணிகளைப் பார்த்து மக்கள் கொதித்தது நியாயம்தானே?

பெரியப்பா: முழு நியாயம். அங்கே கேள்வி மக்கள் பணத்தைப் பற்றியது.

மன்னார்குடி மாமா: வேன் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள்.

பெரியப்பா: அதிபர் டிரம்ப்பின் மனைவி மெலனியாவிடம் எழுந்த கேள்வியும் நியாயம்தான். 2018 ஜூனில், எல்லையில் பிடிபட்ட குழந்தைகள் தங்கியிருந்த டெக்சஸ் காப்பகத்துக்குப் புறப்பட்ட நாளில், "எனக்கு உண்மையில் அக்கறையில்லை, உங்களுக்கு?" என்று முதுகில் எழுதிய மேற்சட்டையுடன் அவர் விமானம் ஏறினார். அது வெறும் 39 டாலர் சட்டை. கேள்விக்குள்ளானது அதன் வாசகம். அதில் செய்தி எதுவும் இல்லை என்று முதலில் அவருடைய செய்தித் தொடர்பாளர் மறுத்தார். சில மாதங்கள் கழித்து, தம்மைக் குறைகூறும் ஊடகங்களுக்காகவே அணிந்ததாக மெலனியாவே ஒப்புக்கொண்டார். எழுத்தை அணிந்தவரிடம் அதன் பொருளைக் கேட்கலாம். பணம் எங்கிருந்து வந்தது என்றும் எந்தக் கவுன்சிலரிடமும் கேட்கலாம். நம் பிள்ளையிடமும் கேட்கட்டும், அவன் கணக்கைக் காட்டட்டும். கையில் ஆதாரமே இல்லாமல் மனைவியின் முந்தானைச் சரிகையைக் காட்டித் திருட்டுப் பட்டம் கட்டுவது அவதூறு.

சித்தப்பா: அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாய்க்கால் வேலைக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டுமா?

வடக்குத்தெரு அத்தை: நான் கொடுத்த சேலையைக் கட்டுவதற்கு உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா, தம்பி? உன் மனைவி என்ன கட்டுகிறாள் என்று நான் ஒருநாளாவது கேட்டதுண்டா?

சித்தி: என்னை இதில் இழுக்காதீர்கள், அண்ணி.

சின்ன அண்ணி: பெரிய மாமா, நீங்கள் எழுதியது ஆறுதலாக இருக்கிறது. இருந்தாலும் மணிவிழாப் படங்களும் வெளியே போகும் என்று பயமாக இருக்கிறது.

சின்ன அண்ணன்: சேலைக் கணக்கில் இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அத்தை. மேடை விஷயத்தை நான் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

வடக்குத்தெரு அத்தை: வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு. நான் மாம்பழ நிறத்தில் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.