முன்னால் ஒரு சைபர் போட்டால் குடியா முழுகிவிடும்?

குமுளி கேபிள்: கம்பத்து அண்ணன் ஒருவர் நேற்று எழுதிய அறிவுரையைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்ணான ஐபி முகவரியை மூன்று மூன்று இலக்கமாக, 192.168.001.010 என்று எழுதவேண்டுமாம். வரிசையாக இருக்குமாம். கோலமா போடுகிறோம்? முன்னால் சைபர் வந்தால் பல கருவிகள் அதை ஆக்டலாக, அதாவது 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கம் உள்ள, எட்டு எட்டாக எண்ணும் கணக்காகப் படிக்கும். 010 என்றால் பத்து அல்ல, எட்டு.

கம்பம் பேரேடு: அந்த அண்ணன் நான்தான், நேராகவே திட்டலாம். முப்பது வருடம் கணக்கு எழுதிய கை இது. எங்கள் பிரின்டர் திரையே 192.168.001.010 மாதிரிதான் காட்டுகிறது. அதைச் செய்தவனுக்குத் தெரியாதது குமுளியில் தெரிந்துவிட்டதோ?

குமுளி கேபிள்: திரையில் எப்படியும் காட்டட்டும். 192.168.1.010 என்று பிங் அடித்து, அதாவது அந்த முகவரியில் கருவி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் 192.168.1.8இலிருந்து வரும். போன மாதம் ஒரு ஏலக்காய்க் கடையில் பத்தாம் நம்பர் கேமரா செத்துக் கிடக்கிறது, பிங் மட்டும் ஜோராகப் பதில் சொல்கிறது. சொன்னது எட்டாம் நம்பரில் இருந்த பில் மெஷின்! இரண்டு மணி நேரம் ஏணியில் ஏறி இறங்கினேன்.

கம்பம் பேரேடு: எங்கள் கடைதான் அது. திரையில் 8 என்று வந்ததைப் பார்க்காமல் ஏணி ஏறியது யார் தப்பு? மூன்று மணிக்கு வருகிறேன் என்று ஏழு மணிக்கு வந்ததையும் எழுதுங்கள்.

போடி மெட்டு: நடுவில் ஒரு சந்தேகம். கேமரா கூடிவிட்டது. நெட்வொர்க்கின் அளவை 192.168.1.0/23 என்று போட்டால், கடைசி இரண்டு எண் 1.0 முதல் 2.255 வரை 512 முகவரி கிடைக்கும்தானே?

குமுளி கேபிள்: 512 சரி. ஆனால் அது 0.0 முதல் 1.255 வரை. /23இல் மூன்றாவது எண் இரட்டைப்படையில்தான் தொடங்கும். 192.168.2.0/23 போடுங்கள், 3.255 வரை போகும். சரி, சைபருக்கு வருவோம். 010.0.0.1 என்பதை ஒரு புரோகிராம் 10.0.0.1, நம் உள் நெட்வொர்க் என்று நம்பும். இன்னொன்று 8.0.0.1 என்று படித்து வெளியே இணையத்துக்குப் போய்விடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021இல் பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் 3.9.5 பதிப்பிலிருந்து முன்சைபரை வாங்கவே மறுத்தார்கள். கோ மொழியும் 1.17இல் கதவைச் சாத்தியது.

கம்பம் பேரேடு: என் கம்ப்யூட்டர் செட்டிங்கில் 010 அடித்தால் 10 என்றே எடுத்துக்கொள்கிறது. மலைப்பாம்பு வந்தா எனக்கு பில் போடப்போகிறது?

குமுளி கேபிள்: ஒரு இடத்தில் பத்து, இன்னொரு இடத்தில் எட்டு. அதைத்தானே தொண்டை கிழியச் சொல்கிறேன்! பெரியாறு அணையின் 142 அடியை 0142 என்று எழுதுவீர்களா? ஆக்டலில் அது 98 அடி.

கம்பம் பேரேடு: பார்த்தீர்களா! மெட்டுக்கு அந்தப் பக்கம் கடை வைத்தவருக்கு நம் தண்ணீர் குறைந்தால் சந்தோஷம்.

தேக்கடி ஜீப்: அணையை இழுக்காதீங்க சாமி. இரண்டு ஊர்க்காரனும் இங்கேதான் இருக்கிறான்.

குமுளி கேபிள்: 98 என்றது கணக்கு! நான் பிறந்ததே கூடலூர்தான்.

கம்பம் பேரேடு: எந்தக் கூடலூராக இருந்தாலும் என் ரிஜிஸ்டரில் 010தான்.

போடி மெட்டு: அண்ணே, /23 போட்டுவிட்டேன். கடைசி கேமராவை 192.168.002.018 என்று பிங் அடித்தால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது.

குமுளி கேபிள்: ஆக்டலில் எட்டு என்ற இலக்கமே கிடையாதய்யா! யார் அப்படி எழுதச் சொன்னது?

கம்பம் பேரேடு: பார்க்க வரிசையாக இருக்கிறது தம்பி.