ஸ்டார் ட்ரெக் விண்கப்பல் டிஃபையன்ட் நீளம் 170 மீட்டரா, 120 மீட்டரா?

வாளையார்வாசி:
போன வாரம் இந்த மன்றத்தோட கப்பல் வடிவமைப்பு இழையில நம்ம மூணாறு மணி ஒரு வரி எழுதியிருந்தாரு: "டிஃபையன்ட் 120 மீட்டர்தான், திரையில அளந்து பார்த்துட்டேன், 170ங்கறது யாரோ அடிச்சுவிட்டது." அதைப் படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. யாரோ இல்லைங்க. டிஃபையன்ட் வர்ற டீப் ஸ்பேஸ் நைன் டிவி தொடரோட தொழில்நுட்பக் கையேடு, 1998. நீளம் 170.68 மீட்டர், அகலம் 134.11, உயரம் 30.1. எழுதினவங்க ஹெர்மன் சிம்மர்மேன், ரிக் ஸ்டெர்ன்பாக், டக் ட்ரெக்ஸ்லர். மூணு பேரும் அந்தத் தொடரோட கலைத்துறையில உக்காந்து வேலை பார்த்தவங்க. அவங்களுக்குத் தெரியாதது மூணாறுல தெரிஞ்சிருமா?

பாலக்காடு ஜங்ஷன்ல நிக்கற எல்எச்பி ரயில் பெட்டி ஒண்ணு கிட்டத்தட்ட 24 மீட்டர். 170ன்னா ஏழு பெட்டி, 120ன்னா அஞ்சு பெட்டி. ரெண்டு பெட்டியைக் கழட்டிட்டு அதே வண்டின்னு சொல்ல முடியாது. நீளம் குறைஞ்சா அகலம், உயரம் எல்லாம் சேர்ந்து குறையும். 120 மீட்டர் கப்பலோட கொள்ளளவு 170 மீட்டர் கப்பல்ல மூணுல ஒரு பங்குதான் வரும்.

மூணாறு மணி:
கையேட்டை நானும் படிச்சிருக்கேன் சார். கப்பல்ல நாலு தளம். தரைக்குக் கீழ போற குழாய், கேபிள் எல்லாம் சேர்த்து ஒரு தளத்துக்கு 3.5 மீட்டர்னு வைங்க, நாலுக்கும் 14 மீட்டர். உங்க உயரம் 30.1. மிச்சம் 16 மீட்டர்ல என்ன இருக்கு? நாலு தளம் இருக்கற கப்பல்ல இன்னொரு நாலு தளத்துக்கு இடம் சும்மா கிடக்குதா? இதையே 120 மீட்டருக்குச் சுருக்கினா உயரம் 21 மீட்டர் சொச்சம். 14 போக மிச்சம் 7. மேல மூணரை, கீழ மூணரை, கவசத்துக்கும் ஓட்டுக்கும் அளவாப் பொருந்துது. கணக்கு உங்க பக்கம் இல்ல.

வாளையார்வாசி:
தளம்னா ஆள் நடக்கற இடம். ஒளியை மிஞ்சற வார்ப் வேகத்துக்கான இயந்திர மையத்தையும், அதுக்கு எரிபொருளான டியூடீரியம் தொட்டியையும் தளக் கணக்குல யாரும் எண்ண மாட்டாங்க. 30.1ங்கறது உச்சிப் புள்ளியில இருந்து அடிப் புள்ளி வரைக்கும் எடுத்த அளவு. கப்பல் ஓரத்துல மெலிஞ்சு நடுவுல தடிச்சிருக்கு, நீங்க அதைச் செங்கல் மாதிரி பெட்டியா நினைச்சு வகுக்கறீங்க. போர்க்குங்கற எதிரி இனத்தோட சண்டை போடவே கட்டின கப்பல் அது. நாலு துடிப்பு ஃபேசர் (கதிர்) பீரங்கி, உருகிக் கரைஞ்சு அடியைத் தாங்கற கவசம், ரோமுலன்ங்கற வேற இனத்துக்கிட்ட இரவல் வாங்கின மறைப்புக் கருவி. முழு விசையில சோதிச்சப்பவே கப்பல் தன்னைத் தானே பிச்சுக்கப் பார்த்துது. அவ்வளவு பெரிய இயந்திரத்தை எங்க வைப்பாங்க? அந்த 16 மீட்டர்லதான்.

கையேடு சொல்றது 170.68.

சித்தூர் செந்தில்:
அண்ணா, ஆயிரத்துக்கு ஒண்ணு அளவுல டிஃபையன்டை 3டி பிரிண்ட் போடணும். 171 மில்லிமீட்டரா, 120ஆ? பிளாஸ்டிக் வர்ற முனை, 0.4 மில்லி நாசில்ல 120க்குப் போட்டா முன்பக்க நேசல் (இயந்திரக் கூடு) கிரில் கோடெல்லாம் ஒட்டிப்போய் ஒரே கட்டியா வருது. அதுக்கு 0.2 நாசில் வேணும், நேரம் ரெண்டு மடங்குக்கு மேல ஆகும். மூக்கை உடம்போட சேர்த்து நிக்க வெச்சுப் போட்டா அடுக்குக் கோடு குறுக்க ஓடி, தொட்டாலே ஒடியுது. மூக்கைத் தனியாப் படுக்க வெச்சுப் போட்டு 1.5 மில்லி கம்பி சொருகி ஒட்டலாம்னு இருக்கேன். நீளம் தெரிஞ்சாத்தான் துளை போட முடியும்.

மூணாறு மணி:
120 போடுங்க தம்பி.

வாளையார்வாசி:
171. அவர் சொல்றதைக் கேட்டு பிளாஸ்டிக்கை வீணாக்காதீங்க. ஆயிரத்துக்கு ஒண்ணுல இன்னொரு ஸ்டார் ட்ரெக் கப்பலான எண்டர்பிரைஸ் டி 642 மில்லி வரும், அதுக்குப் பக்கத்துல 120 வெச்சா பார்க்கறவங்க தப்பாத்தான் கத்துக்குவாங்க. மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டாப் பிளந்து, தட்டையான பக்கம் தட்டுல படற மாதிரி போடுங்க. பிரிண்டுக்கு முட்டுக் கொடுக்கற சப்போர்ட் நேசலுக்கு அடியில மட்டும் போதும்.

சூளூர்பேட்டை ரவி:
செந்தில் எந்த சித்தூரு? எங்க ஆந்திரா சித்தூரா?

சித்தூர் செந்தில்:
பாலக்காட்டு சித்தூருங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம்.

சூளூர்பேட்டை ரவி:
அப்ப பேரை மாத்திக்கோ தம்பி. சித்தூருன்னா எங்க ஆந்திரா மாவட்டம்.

சித்தூர் செந்தில்:
துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்துல வாழ்ந்த ஊரு இது. எதுக்கு மாத்தணும்?

சூளூர்பேட்டை ரவி:
சரி விடு. மணி சார் திரையில அளந்த கதையைத்தான் கேக்கணும். டிஃபையன்ட் முதல்ல வந்தது 1994. அப்ப கப்பலோட மாதிரி பொம்மையை நீலத்திரை முன்னாடி தனியாப் படம் எடுப்பாங்க, டீப் ஸ்பேஸ் நைன் விண்வெளி நிலையத்தைத் தனியா எடுப்பாங்க, அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுவாங்க. எவ்வளவு பெருசா ஒட்டறதுன்னு ஒவ்வொரு ஷாட்டுக்கும் கண்ணால பார்த்து முடிவு பண்றது. கேமராவுக்கு 30 சதவீதம் கிட்ட வந்தா 120 மீட்டர் பொருள் 170 மாதிரி தெரியும். அதனால திரை அளவு ரெண்டு பேருக்குமே உதவாது.

மூணாறு மணி:
நிலையத்துல கட்டி நிக்கறப்ப எப்படி 30 சதவீதம் கிட்ட வரும்? காற்றடைப்புக் கதவு நிலையத்தோட கதவுல பொருந்தியிருக்கு, ரெண்டும் ஒரே தூரம். அந்தச் சட்டகத்தை நிறுத்தி, பக்கவாட்டா தெரியற ஷாட்டா பார்த்து, நிலைய வளையத்தோட தடிமனைப் பிக்சல்ல எண்ணி, கப்பலை அதால வகுங்க. 120 பக்கந்தான் வரும்.

வாளையார்வாசி:
நிலையத்தோட அளவை எங்க இருந்து எடுத்தீங்க? அதே கையேட்டுல இருந்து. நிலையத்துக்கு அந்தப் புத்தகம் வேணும், கப்பலுக்கு மட்டும் வேண்டாமா? இது நியாயமில்ல. வாயேஜர் கப்பல் இழையிலயும் இதையேதான் செஞ்சீங்க. 344 மீட்டர், 15 தளம்னு அச்சுல இருக்கறதை ஏத்துக்கிட்டீங்க, ஏன்னா அது உங்களுக்குப் பிடிச்ச கப்பல்.

மூணாறு மணி:
வாயேஜரை ஏன் இழுக்கறீங்க? வார்ப் வேகத்துக்குப் போறதுக்கு முன்னாடி வாயேஜரோட நேசல் மேல மடியறது வெறும் அழகுக்குன்னு நீங்க எழுதினதை நான் மறக்கல. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

வாளையார்வாசி:
அது தனி இழை. அங்க வாங்க, சொல்றேன். இங்க கேள்வி ஒண்ணுதான்: அச்சுல இருக்கறது 170.68, உங்க கையில என்ன இருக்கு?

சூளூர்பேட்டை ரவி:
கிளிங்கான் இனத்தோட பறவைக் கப்பலும் ஒரே மாதிரி பொம்மையை வெச்சு எடுத்ததுதான். ஒரு இடத்துல நூறு மீட்டர் சொச்சம், இன்னொரு இடத்துல அதுல மூணு மடங்கு. இந்தத் தொடர்ல அளவை நம்பறதே வீண்.

வாளையார்வாசி:
வீண்னு சொல்லாதீங்க ரவி. பழைய ஸ்டார் ட்ரெக் தொடரோட கலிலியோ விண்கலத்துல வெளிக்கூடு சின்னது, உள்ள போட்ட செட்டுல ஆள் நிமிர்ந்து நடப்பாரு. எண்டர்பிரைஸ் டிக்கு முதல்ல கட்டின ஆறடி மாதிரியில டென் ஃபார்வர்டுங்கற ஓய்வுக்கூடத்தோட ஜன்னலே கிடையாது, அந்தத் தொடரோட மூணாவது பருவத்துக்குக் கட்டின நாலடி மாதிரியிலதான் சேர்த்தாங்க. அதுக்காக 642ஐ யாராவது மறுத்தாங்களா? மாதிரி மாறும், ஷாட் மாறும். அதனாலதான் ஒரு இடத்துல எழுதி வைக்கறாங்க. எழுதி வெச்சது 170.68.

மூணாறு மணி:
எழுதி வெச்ச உயரத்துல 16 மீட்டர் சும்மா கிடக்குது. ஒவ்வொரு தளமா வரைஞ்சு காட்டுங்க, அப்ப ஒத்துக்கறேன்.

வாளையார்வாசி:
வரையறேன். தொட்டி, மையம், கவசம் எல்லாம் அளவோட போடறேன். போட்ட பிறகு 3.5ஐ 3ன்னு மாத்திக்கிட்டு வரக்கூடாது.

சித்தூர் செந்தில்:
அண்ணா, கம்பித் துளை எத்தனை மில்லி ஆழம் போடறது? அது நீளத்தைப் பொறுத்தது.

மூணாறு மணி:
120க்கு 5 மில்லி.

வாளையார்வாசி:
171க்கு 7. அஞ்சு போட்டா மூக்கு நிக்காது.