புதுப்பிப்பு: கணவர் சுங்கை சிப்புட் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்

கணவருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்ததையும், காரணம் பிடிபடாமல் ஈப்போ மருத்துவமனையில் நாங்கள் காத்திருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த அனைவருக்கும் நன்றி. அவர் வீடு வந்துவிட்டார்.

காரணம் இன்னும் தெரியவில்லை. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இப்படித்தான், முழுப் பரிசோதனைக்குப் பிறகும் விளக்கமின்றி நின்றுவிடுகிறது என்று மருத்துவர் சொன்னார். இதயத் துடிப்பு அவ்வப்போது மட்டும் தாறுமாறாகி, அதனால் உருவாகும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றிருக்கலாம் என்பது அவருடைய ஐயம். சில நிமிடங்களில் எடுக்கும் ஈசிஜியில் அது சிக்காமல் போகக்கூடும் என்பதால், துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்த அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஏதேனும் தெரிந்தால், இப்போதைய ஆஸ்பிரினுக்குப் பதிலாக, கட்டி உருவாவதைத் தடுக்கும் வேறு வகை மருந்து தரப்படும்.

பழைய தோட்ட வீட்டில் சமாளிப்பதுதான் பெரும் பாடு. தண்ணீர் புரையேறுவதால் அதைக் கெட்டியாக்குவதற்கென்றே உள்ள மாவைக் கலந்துதான் கொடுக்கிறேன். வலுவிழந்த வலக்கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும் என்று பிசியோதெரபி பெண் எச்சரித்திருக்கிறார். ஆனால் பார்க்க வரும் ஒவ்வோர் உறவினரும் முதலில் பிடிப்பது அந்தக் கையைத்தான்! எண்ணெய் தேய்த்து உருவிவிடும் யோசனைகளையும், மனம் நோகாதபடி, மறுத்து வருகிறேன்.

குந்தி உட்காரும் கழிவறையை மாற்றும்வரை கழிவறை நாற்காலியை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறோம்; எவரேனும் அதைப் பயன்படுத்தியிருந்தால், அது வழுக்காமல் நிற்கிறதா என்று சொல்லுங்கள்.