மணிமுத்தாற்றுத் தோட்டம் (குடும்பக் குழு)

சித்தப்பா, 5:48
(ரோஜாப்பூ படம்: இனிய காலை வணக்கம்)

அப்பா, 5:50
தம்பி, இங்கே தோட்டத்துச் செய்தி மட்டும் போடு.

சித்தப்பா, 5:53
செய்திதான் அண்ணே. திராட்சைக் கொடி வெட்டச் சின்னமனூர்க் கவாத்து ஆட்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். முன்பணம் கொடுத்தாயிற்று.

அப்பா, 5:54
யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? கார்த்திகையே முடியவில்லை.

சித்தப்பா, 5:58
இப்போது வெட்டினால்தான் பங்குனிக் கடைசியில் பழம். தை மாதம் வெட்டினால் வைகாசிக்குப் போய்விடும். கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், பன்னீர் திராட்சை கொத்தோடு வெடிக்கும். போன வருடம் எறும்புக்கும் தேனீக்கும்தான் அறுவடை.

அப்பா, 6:03
2023 மறந்துவிட்டதா? நவம்பர் கடைசியில் வெட்டினோம். டிசம்பர் 17, 18 கொட்டியதில் விரல் நீளத் துளிரெல்லாம் அடிச்சாம்பல் நோய் பிடித்துக் கருகியது.

நான், 6:10
காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழைதானே அப்பா?

அப்பா, 6:11
அதேதான். பந்தல் கல்தூண் இரண்டு சாய்ந்தது. நீ சென்னையில் நிம்மதியாக இருந்தாய்.

மதினி, 6:24
மாமா, ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொதிகை முகட்டில் மூன்று நாளாக மேகம் கலையவில்லை. மேட்டுப் பந்தலை வெட்டட்டும், அங்கே காற்றோட்டம் உண்டு. கிணற்றடிப் பந்தலைத் தைப்பூசம் கழித்துத் தொடட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவன் பேச்சாவது பலிக்கும்."

சித்தப்பா, 6:27
ஆட்களுக்கு வண்டிக் கூலி இரண்டு தடவை ஆகுமே.

அப்பா, 6:35
ஆகட்டும். வெட்டிய அன்றே பூசணத்துக்குப் போர்டோ கலவை அடிக்க வேண்டும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தனித்தனியே 50 லிட்டர் தண்ணீரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்று, மாற்றி ஊற்றாதே. பிளாஸ்டிக் டிரம்தான், இரும்பு வாளி கூடாது. இரும்புக் கத்தியை முக்கிப் பார். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

நான், 6:37
இயற்கை விவசாயம் என்று சொல்லிவிட்டு மயில்துத்தமா?

அப்பா, 6:40
அளவோடு அடிக்க அதில் அனுமதி உண்டு. பஞ்சகவ்யம் கொடி வளரத்தான். பூசணத்துக்கு அது மட்டும் போதாது. நீ ஒரு நாள் வந்து டிரம்மைக் கலக்கிப் பார், பிறகு கேள்.

மதினி, 6:43
பிசானப் பருவ நெல்லில் களை கிடக்கிறது. வியாழக்கிழமை எல்லோரும் பந்தலுக்குப் போய்விட்டால் வயலுக்கு யார்?

சித்தப்பா, 6:44
வெள்ளிக்கிழமை பார்ப்போம் தாயி.

அத்தை, 7:15
இப்போதுதான் பார்த்தேன். வெட்டுகிற தழையை வீணாக்காதீர்கள். என் ஆட்டுக்கு அனுப்புங்கள்.

சித்தப்பா, 7:16
வேண்டாம் அக்கா. போன வாரம்தான் கலவை அடித்தோம். மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் செம்மறிக்கு ஆகவே ஆகாது.

அத்தை, 7:18
பழம்தான் தருவதில்லை, தழையும் இல்லையா?

அப்பா, 7:20
அகத்தி இரண்டு கட்டு வெட்டி வைக்கிறேன். சாயங்காலம் ஆள் அனுப்பு.