ட்ரைகாஃப்டாவுக்குச் சொதி போதுமா?

வன்னிமகள்:
"ட்ரைகாஃப்டா எடுப்பவர்கள் பழையபடி கொழுப்பு தேடித் திரிய வேண்டாம், காலையில் இடியப்பமும் சொதியும் போதும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். நான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சி.எஃப்.) என்ற, நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் பரம்பரை நோயோடு பிறந்தவள், வயது 34. அதற்கான மருந்துதான் ட்ரைகாஃப்டா: காலை இரண்டு மாத்திரை, மாலை ஒன்று, இரண்டு வேளையும் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான். மிதமான கொழுப்போடு எடுத்தால் அதிலுள்ள ஐவாகாஃப்டர் என்ற மருந்து இரண்டரை முதல் நான்கு மடங்கு கூடுதலாக இரத்தத்தில் சேர்கிறது. தண்ணிச் சொதி இதற்கு எப்படிக் காணும்?

ஸ்கார்பரோ_சிவா:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். சொதியில் தேங்காய்ப்பால் இருக்கிறது. அது கொழுப்பில்லையா? என் மனைவிக்கும் சி.எஃப்.தான். மாத்திரை தொடங்கி ஒன்றரை வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. இன்னும் வெண்ணெயா?

வன்னிமகள்:
எந்தப் பால்? முதல் பாலா, மூன்றாம் பாலா? அதைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடைத்தம்பி:
மருந்துத் தாளில் முட்டை, வெண்ணெய், சீஸ், கொட்டை வகை என்று உதாரணங்கள்தான் உண்டு, கிராம் கணக்கு இல்லை. அண்ணா, அக்கா கொழுப்பு செரிக்கக் கணைய என்சைம் எடுக்கிறாவா? அதை விட்டுவிட்டுச் சொதியைப் பற்றியே பேசுகிறீர்கள்.

ஸ்கார்பரோ_சிவா:
எடுக்கிறா. அந்த என்சைம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10,000 லிப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) அலகைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். எங்களுக்குப் பாடம் வேண்டாம்.

வன்னிமகள்:
பாடம் வேண்டும். இதே டொரன்டோவில் 1970களிலேயே கொழுப்பைக் குறைக்காமல் சாப்பிடச் சொன்னார்கள். பாஸ்டனில் குறைத்தார்கள். 1988இல் ஒப்பிட்டபோது டொரன்டோ நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 30, பாஸ்டனில் 21. அந்தக் கொழுப்பில் வளர்ந்த பிள்ளை நான். பள்ளிக்கூடத்தில் வெண்ணெய்க்கட்டி தின்கிறாள் என்று சிரித்தார்கள். தின்றதால்தான் இன்று எழுதுகிறேன். மூன்றாம் பாலா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

ஸ்கார்பரோ_சிவா:
1988இல் இந்த மாத்திரையே இல்லை! கனடாவுக்கு வந்தது 2021இல். அந்தக் காலக் கணக்கை வைத்து என் மனைவியைக் கொழுக்க வைக்கச் சொல்கிறீர்களா? போன மாதம் அவவுடைய சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன், அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறக்கவில்லை.

மட்டக்களப்பான்:
எங்கள் பக்கத்துச் சொதி கெட்டியாகத்தான் இருக்கும். தண்ணிச் சொதி என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

வன்னிமகள்:
உங்கள் ஊர்ப் பெருமையை வேறு இடத்தில் வையுங்கள். சிவா, எடை கூடினால் சீனிப் பானத்தையும் பொரியலையும் குறையுங்கள், மாத்திரை நேரத்துக் கொழுப்பில் கை வைக்காதீர்கள். சி.எஃப். சர்க்கரை நோய் சாதாரண சர்க்கரை நோய் மாதிரி இல்லை, கண்டபடி பட்டினி போடக் கூடாது. ஒரு முட்டை அவிக்க எவ்வளவு நேரம்?

ஸ்கார்பரோ_சிவா:
அவ சைவம். நாலு வருடமாக இங்கே எழுதுகிறேன், அதுகூடத் தெரியாமல் சண்டைக்கு வருகிறீர்கள்.

வன்னிமகள்:
சைவம் என்றால் கச்சான் (நிலக்கடலை) இருக்கிறது, நெய் இருக்கிறது. எந்தப் பால் என்று இன்னும் சொல்லவில்லை.

ஸ்கார்பரோ_சிவா:
முதல் பால்தான்! போதுமா?

வன்னிமகள்:
எத்தனை கரண்டி?