எறும்பை அண்டி வாழும் புழுக்களுக்கு ஒரு சொல்: 'எறும்புச்சார்பி'

அனைவருக்கும் வணக்கம்.

எறும்பை அண்டி வாழும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த 'எறும்பு விரும்பி', 'எறும்புத் தோழன்' இரண்டுமே கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் இங்கிலாந்துப் புல்வெளிகளில் வாழும் பெருநீல வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டும் பொருந்தவில்லை.

அது காட்டுத் தைம் செடியின் மொட்டுகளில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு, மூன்றாம் முறை தோலுரித்ததும் தரையில் விழும். அப்போது அதன் நீளம் சில மில்லிமீட்டர்தான். மிர்மிகா எறும்பு ஒன்று வந்து தடவினால், புழுவின் முதுகுச் சுரப்பியில் இனிப்பு நீர் துளிர்க்கும். எறும்பு நக்கிக் குடிக்கும். அப்புறம், வழிதவறிக் கிடக்கும் தன் இனத்துப் புழு என்றே நினைத்து, கவ்விக்கொண்டு புற்றுக்குப் போய்விடும். உள்ளே போன புழு மாதக்கணக்கில் எறும்பின் புழுக்களையே தின்கிறது. அதன் இறுதி எடையில் 98 சதவீதத்துக்கு மேல் புற்றுக்குள் சேர்ந்ததுதான். இதைத் தோழன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, 'எறும்பு ஒட்டுண்ணி' என்றால்? பெருநீலம் சேர்ந்த 'நீலன்கள்' என்ற வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில் பல புழுக்கள் இனிப்பு நீர் கொடுத்து எறும்புகளைக் காவலுக்கு வைத்துக்கொள்கின்றன. அவற்றை ஒட்டுண்ணி என்பது அநியாயம்.

இரு தரப்புக்கும் பொது, சார்ந்திருப்பதுதான். அதனால் 'எறும்புச்சார்பி' என்பது என் பரிந்துரை. 'எறும்புசார்' என்று நிறுத்தினால் 'எறும்பு தொடர்பான' என்று படித்துவிடுவார்கள். 'சார்பி' என்றால் உயிரி என்பது தெளிவு. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'காவல் பெறும் சார்பி', 'சுரண்டும் சார்பி' எனலாம்.

'சார்பு' மிகையான சொல்லும் அல்ல. 1950களில் மிக்சோமட்டோசிஸ் நோயில் முயல்கள் மடிந்தன. மேய்ச்சலும் குறைந்திருந்ததால் புல் உயர்ந்தது. நிழலில் மண் குளிர்ந்தது. வெயில் காயும் மண்ணில் வாழும், பெருநீலப் புழு நம்பியிருந்த மிர்மிகா சபுலெட்டி என்ற எறும்பினம் அருகியது. தைம் செடி இருந்த இடங்களிலும் பெருநீல வண்ணத்துப்பூச்சி மறைந்து, 1979இல் பிரிட்டனில் அற்றே போனது. சூழலியலாளர் ஜெரமி தாமஸ் இந்தக் காரணத்தைக் கண்டறிந்த பிறகுதான், மேய்ச்சலால் புல்லைக் குட்டையாக வைத்து, சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீட்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: எறும்புக்குத் தன் உடலிலேயே இடம் கொடுக்கும் செடிகளுக்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அதற்கு 'எறும்புறை செடி' எனத் தனிச்சொல் வைக்கலாமா? செடியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.